அம்மாயி பார்த்த ஸ்டார் ட்ரெக்

'என்டர்பிரைஸ்' விண்கப்பல் ஒளியைவிடப் பல மடங்கு வேகமாகப் போகும் என்பார்கள். அமெரிக்காவில் 1966 செப்டம்பர் 8-ம் தேதி கிளம்பிய அது வாழப்பாடிக்கு வந்து சேர ஏறக்குறைய இருபது வருஷம் ஆயிற்று. அதற்குள் அங்கே மூன்று சீசன், 79 எபிசோடு ஓட்டிப் பார்த்து, கூட்டம் சேரவில்லை என்று 1969-ல் என்.பி.சி. கடையைக் கட்டியே விட்டது. நமக்கு எண்பதுகளில் தூர்தர்ஷன் புண்ணியத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கிடைத்தது.

எங்கள் தெருவில் பாக்கு மண்டிக்காரர் வீட்டில்தான் டி.வி. ஷட்டர் வைத்த கறுப்பு வெள்ளை சாலிடேர். சேலத்தைப் பார்த்து நிற்கும் ஆண்டெனாவை ஒருவன் மாடியில் ஏறித் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். "தெரியுதா?" "தெரியல!" "இப்போ?" "போச்சு!" படத்தில் பாதி பனி பெய்யும். விண்வெளியில் பறக்கிற கதைக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது. கொல்லையில் பாக்கு வேகும் வாசனை. கூடத்தின் ஓரத்தில் பாக்கு உரித்துக்கொண்டே பார்க்கிற பெண்கள். அதில் எங்கள் அம்மாயியும் ஒருத்தி. அம்மாவைப் பெற்றவள். ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது. மதராஸில் காலேஜ் படித்த மண்டிக்காரர் மகன் எப்போதாவது மனசு வைத்து "பேட்டரி தீந்துபோச்சாம்" என்கிற மாதிரி மொழிபெயர்ப்பான். பத்து நிமிஷப் பேச்சுக்கு அவ்வளவுதான்.

சமீபத்தில் அந்தத் தொடரை மறுபடி வரிசையாகப் பார்த்தேன், இந்த முறை கலரில், வசனம் புரிந்து. முதல் அதிர்ச்சி, சட்டை. சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு கேப்டன் கிர்க்கோடு வேற்றுக்கிரகத்தில் இறங்குகிற ஆள் அடுத்த விளம்பர இடைவேளைக்குள் செத்துப்போவான் என்பது உலகப் பிரசித்தமான ஜோக். எங்களுக்கு அந்த ஜோக்கே தெரியாது. எல்லாரும் சாம்பல் சட்டை. யார் சாவார்கள் என்பது கடைசிவரை நிஜமான சஸ்பென்ஸ். கலர் டி.வி. வந்து நாம் இழந்தவற்றில் இதுவும் ஒன்று.

இரண்டாவது அதிர்ச்சி, அம்மாயி அப்போது சொன்ன பல விஷயங்கள் சரியாக இருந்தது.

உதாரணமாக, அந்த மேடையில் நின்று மினுமினுவென்று கரைந்து வேறு இடத்தில் முளைக்கும் வித்தை. ஒவ்வொரு வாரமும் கப்பலைத் தரையிறக்கிக் காட்டினால் செலவு கட்டுப்படி ஆகாது என்பதற்காகக் கண்டுபிடித்த சிக்கன நடவடிக்கை அது. விஞ்ஞானம் அப்புறம்தான். அம்மாயி கேட்டது இதுதான்: "ஏண்டா சாமி, இங்க கரைஞ்சு போனவனேதான் அங்க வர்றானா? இல்ல, அவன் செத்து, அவனாட்டமே இன்னொருத்தனா?" நாங்கள் சிரித்தோம். டெரக் பார்ஃபிட் என்கிற ஆக்ஸ்போர்டு தத்துவ அறிஞர் 1984-ல் வெளியான தன் பெரிய புத்தகத்தில் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு பக்கம் பக்கமாக மல்லுக்கட்டியிருக்கிறார் என்பது எனக்குத் தெரிய ரொம்ப நாள் ஆயிற்று.

எல்லா எபிசோடும் தேறும் என்று சொல்லமாட்டேன். மூன்றாவது சீசனின் முதல் எபிசோடில் (1968) ஸ்பாக்கின் மூளையை யாரோ திருடிக்கொண்டு போய்விடுகிறார்கள். மூளை இல்லாத உடம்பை ரிமோட்டில் நடத்தியபடி கப்பல்காரர்கள் தேடிப்போகிறார்கள். அம்மாயி அன்றைக்குக் கூடை பாக்கை மடமடவென்று உரித்து முடித்தாள். கான் என்கிற வில்லன் வரும் எபிசோடு (1967) வேறு வகை வேடிக்கை. முழுப் பெயர் கான் நூனியன் சிங். வட இந்தியச் சீக்கியராக இருக்கலாம் என்று கப்பலில் ஓர் அம்மணி ஊகிக்கிறாள். நடித்தவர் மெக்ஸிகோக்காரர் ரிக்கார்டோ மான்டல்பான். தலைப்பாகையோடு ஒரு படம் வரைந்து காட்டி அந்தப் பிரச்னையை முடித்துக்கொண்டார்கள். 1979-ல் வந்த முதல் சினிமாவில்தான் நிஜ இந்தியர் ஒருவர், நம் மிஸ் இந்தியா பெர்ஸிஸ் கம்பாட்டா, மொட்டைத் தலையோடு நடித்தார்.

ஆனால் நல்ல எபிசோடுகளுக்கு ஒரு குணம் இருக்கிறது. சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் நிற்கும். கம்ப்யூட்டர் யுத்தம் பற்றிய எபிசோடைப் பாருங்கள் (இதுவும் 1967). இரண்டு கிரகங்கள் 500 வருஷமாகச் சண்டை போடுகின்றன. குண்டு கிடையாது, புகை கிடையாது. கம்ப்யூட்டர் ஒரு கணக்குப் போட்டு, இந்தத் தெருவில் குண்டு விழுந்தது, இத்தனை பேர் காலி என்று சொல்லும். அந்தத் தெருக்காரர்கள் 24 மணி நேரத்துக்குள் தாங்களாகவே போய் ஒரு பெட்டிக்குள் நுழைந்து சாம்பலாகிவிட வேண்டும். வரிசையில் நிற்கிறார்கள், ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி, சாவதற்கு. கட்டடம் இடியாது, தோட்டம் கருகாது. எவ்வளவு நாகரிகம்! அந்த வரிசையைக் காட்டும் ஒரு ஷாட் போதும், வசனமே வேண்டாம். தொலைதூர அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்து ட்ரோனில் குண்டு போடுகிற இந்தக் காலத்தில் அது இன்னும் சில்லிடுகிறது.

மண்டிக்காரர் மகன் கதையைச் சுருக்கிச் சொன்னதும் அம்மாயி கேட்டாள்: "கணக்குல எழுதிட்டா போய்ச் செத்துடணுமா? ஒருத்தன்கூடவா ஓடிப்போகல?"

எபிசோடின் ஓட்டை அதுதான். கிர்க் வந்து கம்ப்யூட்டரை உடைக்கும்வரை 500 வருஷம் அத்தனை பேரும் எப்படி ஒழுங்காக வரிசையில் நின்றார்கள்? எழுதியவர்கள் அதைக் கேட்டிருந்தால் இன்னும் பெரிய கதை கிடைத்திருக்கும். வெளியூர்க் கதாநாயகன் ஒருவன் வந்து இறங்கித் திருத்தவேண்டும் என்கிற அமெரிக்கப் பழக்கம் பல எபிசோடுகளைக் கெடுத்திருக்கிறது.

அடுத்து, பாதி முகம் கறுப்பு பாதி முகம் வெள்ளை எபிசோடு (1969 ஜனவரி). இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும்.

ஒரு போலீஸ்காரன், பெயர் பீல். தப்பியோடிய ஒருவன், லோக்காய். இரண்டு பேருக்கும் முகம் நட்டநடுவில் கோடு கிழித்தாற்போலப் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. இவன் அவனை 50,000 வருஷமாகத் துரத்துகிறான். ஏன் என்று கப்பல்காரர்களுக்குப் புரியவில்லை. உங்களுக்குத் தெரியவில்லையா, எனக்கு வலது பக்கம் கறுப்பு, அவனுக்கு வலது பக்கம் வெள்ளை என்கிறான் பீல், ரொம்ப ஆச்சரியமாக. கடைசியில் அவர்கள் கிரகத்தில் எல்லாரும் ஒருவரையொருவர் கொன்று தீர்த்துவிட்டிருக்கிறார்கள். மிச்சம் இந்த இரண்டு பேர்தான். அப்போதும் துரத்தல் நிற்கவில்லை.

விமரிசகர்கள் பலர் இதை 'பிரசங்கம்' என்று தள்ளிவிடுவார்கள். மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட அடுத்த வருஷம் அமெரிக்க டி.வி.யில் வந்தது என்பதை வைத்துப் பார்த்தால் கொஞ்சம் பிரசங்கம் மன்னிக்கலாம். (அந்தக் கிங்தான், தொடரை விட்டு விலக இருந்த கறுப்பின நடிகை நிஷல் நிக்கல்ஸிடம், போகாதே, கப்பலின் அதிகாரியாக நீ அங்கே உட்கார்ந்திருப்பதே பெரிய விஷயம் என்று சொல்லி நிறுத்தியவர். இதை 2022-ல் இறக்கும்வரை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.) என் புகார் வேறு. எங்களுக்கு அந்த எபிசோடு போதவில்லை.

ஏனென்றால் பீலுக்கு வேலை சுலபம். முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். நம் ஊரில் முகத்தில் எதுவும் எழுதியில்லை. எந்த ஊரு, எந்தத் தெரு, யாரு வூட்டுப் புள்ள என்று மூன்று கேள்வி கேட்கவேண்டும். கேட்டார்கள். மண்டிக்காரர் வீட்டு டி.வி. முன்னால் யார் கூடத்தில் உட்காரலாம், யார் திண்ணையோடு சரி, யார் தெருவில் நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கலாம் என்பது யாரும் எழுதிவைக்காத சட்டமாக இருந்தது. என் வகுப்புப் பையன் ஒருவன் ஒவ்வொரு வாரமும் ஜன்னலுக்கு வெளியேதான். நானும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். அவனுக்குப் படம் தெரியும், சத்தம் சரியாகக் கேட்காது. திங்கட்கிழமை என்னிடம் கதை கேட்பான். எனக்கு மட்டும் என்ன புரிந்தது? நானாக வசனம் கட்டிச் சொல்வேன்.

பீலும் லோக்காயும் வந்த அன்றைக்கு அம்மாயி, "ரெண்டும் ஒரே சாயந்தான். இதுக்கா அடிச்சுக்குதுங்க?" என்றாள். கூடத்தில் எல்லாரும் சிரித்தோம். ஜன்னல் பக்கம் நான் திரும்பிப் பார்த்தேனா என்று ஞாபகமில்லை. பார்த்திருக்க மாட்டேன்.

நமக்கென்று இப்படி ஒரு தொடர் எடுத்திருக்க முடியாதா? முயற்சி நடக்காமல் இல்லை. சுஜாதா ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனிலேயே தொடராக வந்தது. ஜீவா என்கிற சர்வாதிகாரி, இரண்டெழுத்துக்கு மேல் பெயர் வைத்துக்கொள்ள அனுமதியில்லாத ஜனங்கள், எல்லாரையும்விட புத்திசாலியான ஜீனோ என்கிற இயந்திர நாய். கதை நடப்பது 2021-ல். அந்த 2021 வந்தும் போய்விட்டது. இந்தியில் 'ஸ்பேஸ் சிட்டி சிக்மா', அப்புறம் 1998-ல் 'கேப்டன் வ்யோம்'. அத்தோடு சரி. தனியார் சேனல்கள் வந்ததும் நமக்கு மாமியாரும் பாம்பும் பில்லி சூனியமும்தான் கட்டுப்படியாயிற்று. ஆவி வருவதற்கு ஒரு ஃபேன், ஒரு வெள்ளைப் புடவை போதும். ஒரு வேற்றுக்கிரகத்துக்கு அட்டையாவது வாங்கவேண்டுமே.

அட்டை என்றதும் ஹோர்ட்டா. என்னைக் கேட்டால் மொத்தம் 79-ல் இதுதான் முதல். 1967 மார்ச் 9-ல் ஒளிபரப்பானது. எழுதியவர் ஜீன் கூன். படப்பிடிப்பு நடுவில் அப்பா இறந்த செய்தி வந்தும், அன்றைய வேலையை முடித்துவிட்டே கிளம்பினாராம் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர்.

ஒரு கிரகத்தில் சுரங்கம். ஐம்பது பேரைப் போல ஏதோ ஒன்று எரித்துக் கொன்றிருக்கிறது. பாறைக்குள் நாம் காற்றில் நடப்பதுபோல நகர்கிறது அது. கிர்க்கும் ஸ்பாக்கும் வேட்டைக்கு இறங்குகிறார்கள். சேலம் வெள்ளைக்கல் குழியில் வேலை பார்த்த என் மாமா ஒருவர் அன்று வந்திருந்தார். "என்னடா இது, தரை சிமென்ட்டுப் பூசினாப்ல இருக்குது? ஒருத்தன் தலையில தொப்பி இல்ல!" என்று ஆரம்பத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். உண்மைதான். பாறை ஃபைபர், தரை ஸ்டூடியோத் தரை. பூதம் வந்ததும் இன்னும் மோசம். தோசைக்கல்லில் தீய்ந்துபோன ஊத்தப்பம் ஒன்று தரையில் ஊர்கிற மாதிரி இருந்தது. உள்ளே ஜானோஸ் ப்ரோஹாஸ்கா என்கிற ஹங்கேரிக்காரர் முட்டி தேயத் தவழ்ந்துகொண்டிருந்தார்.

அறைகளில் அங்கங்கே உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடக்கின்றன. சுரங்க அதிகாரியின் மேஜையில்கூட ஒன்று இருக்கிறது, அழகுக்கு. அந்தக் கல்லை இரண்டு தடவை காட்டினார்கள். இரண்டாவது தடவை அம்மாயி பாக்கு உரிப்பதை நிறுத்தினாள்.

"அது முட்டைடா. அவ முட்டைய ஒடைச்சிட்டானுங்க."

கதை பாதிகூட ஆகவில்லை. ஸ்பாக்குக்கே இன்னும் உறுதியாகவில்லை. "குட்டி போட்டது கிட்டப் போனா பன்னிகூடக் கடிக்கும். இது தாயி. வேற என்ன பண்ணும்?" என்று சொல்லிவிட்டு மறுபடி உரிக்க ஆரம்பித்துவிட்டாள். அப்படித்தான் ஆயிற்று. கல்லால் ஆன உயிர். 50,000 வருஷத்துக்கு ஒரு முறை அதன் இனம் முழுக்கச் செத்துப்போய், ஒரே ஒரு தாய் மட்டும் முட்டைகளைக் காவல் காக்கும். சுரங்கக்காரர்கள் புதிய தளம் தோண்டியபோது ஆயிரக்கணக்கான முட்டைகளை ஒன்றுக்கும் உதவாத கல் என்று உடைத்துப் போட்டிருக்கிறார்கள்.

வசனத்தோடு பார்த்தபோதுதான் இன்னொரு நுணுக்கம் தெரிந்தது. தொடக்கத்தில், அந்த இனத்தில் இது ஒன்றுதானோ என்னவோ, உயிரோடு பிடிக்கலாமே என்று ஸ்பாக் சொல்கிறார். கிர்க், முடியாது, சுடு என்கிறார். பிறகு குகையில் கிர்க் மட்டும் அதோடு தனியாக மாட்டிக்கொள்கிறார். அது காயத்தோடு நிற்கிறது. இவர் சுடவில்லை. இப்போது ஸ்பாக் தூரத்திலிருந்து பதறுகிறார், உடனே சுடுங்கள் என்று. தன் ஆளுக்கு ஆபத்து என்றதும் கொள்கை இடம் மாறிவிடுகிறது. நேருக்கு நேர் பார்த்தவனுக்குச் சுட மனம் வரவில்லை. இதை யாரும் விளக்கிப் பேசுவதில்லை, நடந்துவிட்டுப் போகிறது. அப்புறம் ஸ்பாக் அதன் மேல் கை வைத்து அதன் மனசைத் தன் மனசில் வாங்கி, வலி வலி என்று அலறுகிறார். அது பாறையில் மூன்று வார்த்தை பொறிக்கிறது. கொல்லாதே என்று கெஞ்சுகிறதா, நான் கொல்லமாட்டேன் என்று உறுதி சொல்கிறதா? இலக்கணம் சரியில்லாததால் இரண்டுக்கும் இடமிருக்கிறது. டாக்டர் மெக்காய் வந்து, கொத்தனார் வேலை என்று முனகியபடி, காயத்தில் சிமென்ட் மாதிரி ஒன்றைப் பூசிவிடுகிறார்.

இதுவரைக்கும் பிரமாதம். முடிவுதான் என்னை உறுத்துகிறது. கிர்க் பஞ்சாயத்து பண்ணுகிறார். தாயை விட்டுவிடுங்கள், குஞ்சுகள் பாறையைக் குடைந்துகொண்டு போகட்டும், அவை திறந்துவிடும் தாதுவை நீங்கள் அள்ளிக்கொள்ளுங்கள். சுரங்க அதிகாரியின் முகம் மலர்கிறது. ஒரே நாளில் எல்லாரும் பணக்காரர்கள். குஞ்சுகள் சம்பளமில்லாமல் சுரங்கம் தோண்டுகின்றன. ஹோர்ட்டாவுக்கு மனித முகம் அருவருப்பாக இருந்தாலும் ஸ்பாக்கின் காது பிடித்திருக்கிறது என்று ஒரு ஜோக்கோடு கப்பல் கிளம்பிவிடுகிறது. லாபம் வராவிட்டால் அந்த அதிகாரி அந்தத் தாயை விட்டிருப்பானா? அந்தக் கேள்வியை எபிசோடு தொடவே இல்லை.

2018-ல் இது எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது. வாழப்பாடியிலிருந்து சேலம் போகிற வழியில், அயோத்தியாப்பட்டணத்தைச் சுற்றி, ஆச்சாங்குட்டப்பட்டி, குப்பனூர்ப் பக்கமெல்லாம் சென்னை-சேலம் எட்டுவழிச் சாலைக்கு நிலம் அளந்தார்கள். தென்னைக்கும் பாக்குக்கும் நடுவில் கல் நட்டார்கள். மொத்தம் 277 கிலோமீட்டர். வயலில் விழுந்து பெண்கள் அழுததை எல்லாச் சேனலிலும் பார்த்தோம். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பைத் தள்ளுபடி செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் பெரும்பாலும் மாற்றியது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அன்றைக்கு டி.வி. விவாதங்களில் உட்கார்ந்தவர்கள் கிர்க் மாதிரியேதான் பேசினார்கள்: நஷ்ட ஈடு கூட்டித் தரலாமே, சாலை வந்தால் இவர்களுக்கும் லாபந்தானே. கல்லைக் கல்லாக மட்டும் பார்ப்பவர்களுக்கு அது நியாயமாகத்தான் படும். நான்கூட ஒரு காலத்தில் இந்த முடிவைப் புத்திசாலித்தனம் என்று நினைத்தவன்தான்.

ஹோர்ட்டா வந்த ஞாயிறுக்கு மறுநாள் ஜன்னல் பையன் வழக்கம்போல் கதை கேட்டான். முழுக்கச் சொன்னேன். முட்டை, தாய், பூச்சு வேலை, எல்லாம். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்.

"முட்டைய ஒடைச்சவங்கள என்ன பண்ணாங்க?"

எனக்குத் தெரியவில்லை. எபிசோடில் அவர்களை யாரும் ஒன்றும் பண்ணவில்லை என்பது இத்தனை வருஷம் கழித்து வசனத்தோடு பார்த்தபோதுதான் நிச்சயமாயிற்று. அன்றைக்கு நான் சற்றும் தயங்காமல், "கேப்டன் எல்லாரையும் புடிச்சு ஜெயில்ல போட்டுட்டார்டா" என்றேன். அவன் தலையாட்டினான்.